சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்ரோல்

அத்தியாயம் 6

காரின் பின்பெட்டியைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது பெட்ரோல் வாடை. அது கொஞ்சம் அடங்கியதும் அழுகிய பூவின் வாடை.

“கல்யாண வீடும் எழவு வீடும் ஒரே பந்தல்ல நடந்தாப்ல இருக்கு பாஸ்,” என்றார் ருக்னுதீன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பிரேமலா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவைக் காணோம் என்று தவித்து நிற்கிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? ருக்னுதீன் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். கூலாயில் இருபது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தி மூடியவர் அவர். கடையை மூடத் தெரிந்ததே தவிர வாயை மூடத் தெரியவில்லை. இப்போது பிரேமலாவுக்கு வண்டி ஓட்டுகிறார், பக்கவாத்தியம் வாசிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மலேசியாவில், ஜோகூரின் கெலாங் பாத்தாவில் கடைவரிசைக்குப் பின்னாலிருக்கிற வண்டி நிறுத்துமிடம். சிங்கப்பூர் எண் பலகை போட்ட அந்தப் பழைய வெள்ளைக் கார் வெள்ளிக்கிழமையிலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. கூரை முழுக்க மைனா எச்சம்.

“வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பினாரு,” என்றாள் லோஷினி. முப்பத்திரண்டு வயது. விடியற்காலையில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து பஸ் பிடித்து எல்லை தாண்டி வந்திருக்கிறாள். கையில் மாற்றுச் சாவி, தோளில் குளிர்பதனப் பை. “மாசத்துல ரெண்டு தடவை இப்படித் தனியா வருவாரு மேடம். எங்கன்னு கேட்டா, சும்மா ஒரு ரவுண்டுன்னு சொல்லுவாரு. ராத்திரிக்குள்ள திரும்பிருவாரு. இந்தத் தடவை வரல. போன் ஆஃப். ஒரு நாளைக்குத்தான் இன்சுலின் எடுத்துட்டுப் போனாரு, மிச்சம் இதுல இருக்கு.” பையைத் தட்டிக் காட்டினாள். “அவரு யாரைப் பார்க்கப் போறாரு, என்ன பண்றாரு, எனக்கு அதெல்லாம் வேணாம். உயிரோட இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

அப்பா ஜெயபாலன், அறுபத்து நான்கு வயது. கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகளும் அவரும் மூன்றறை வீட்டில் இரண்டே பேர்.

பிரேமலா பின்பெட்டிக்குள் குனிந்தாள். சிவப்பு பிளாஸ்டிக் கேன் ஒன்று, பத்து லிட்டர் பிடிக்கும், மூடிவரை நிரம்பியிருந்தது. சுருட்டி வைத்த நைலான் கயிறு. ஓலைத் தொப்பி. பிளாஸ்டிக் பையில் சாமந்தியும் மல்லிகையும், கறுத்துக் கூழாகிப் போய். கீழே விரித்த ரப்பர் பாயில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது ஏதோ பொடி.

முன்னிருக்கைப் பெட்டியில் ஒரு ரசீது அகப்பட்டது. வியாழக்கிழமை மாலை, சிங்கப்பூர் பெட்ரோல் நிலையம், பத்து லிட்டர்.

ருக்னுதீன் ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்தார். “அலமாக். பாஸ், சிங்கப்பூர் நம்பர் காடிங்க முக்கால் டேங்க் இல்லாம எல்லைப் பாலத்தைத் தாண்ட முடியாது, அது அவங்க சட்டம். ஏன்? இங்க வந்து சல்லிசா ஊத்திக்கக் கூடாதுன்னு. அப்படியும் வந்து ஊத்துறாங்க. ஆனா அங்க மூணு மடங்கு விலை குடுத்து வாங்கி, கேன்ல மறைச்சு இங்க கொண்டாந்த மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். விருந்துக்குக் கூப்பிட்டா கட்டுச்சோறு எடுத்துட்டு வர்ற ஆளு போல.”

“கேன்ல எண்ணெய் கொண்டு எல்லை தாண்டினா பிடிக்க மாட்டாங்களா?” என்று பிரேமலா கேட்டாள்.

“பிடிச்சா வம்புதான். அதான் கயிறு, தொப்பிக்குப் பின்னால தள்ளி வச்சிருக்காரு போல.”

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். “அதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஜோகூர்ல ஒரு ஸ்டேஷன்ல இந்தக் கேன்ல ஊத்திக்கிட்டு இருந்தாரு. மானிய எண்ணெய் இல்ல, வெளிநாட்டுக் காடி ஊத்தக் கூடிய விலை கூடுன எண்ணெய்தான். யாரோ பின்னால நின்னு வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. ‘சிங்கப்பூர் திருடன்’னு நாலு லட்சம் பேர் பார்த்தாங்க. அவரு பிறந்ததே இங்க ஒரு தோட்டத்துலதான் மேடம். மூணு மாசம் தலை நிமிரல.”

“கேன் எதுக்குன்னு கேட்டீங்களா?”

“காடி நடுவழியில நின்னா ஆகும்னாரு.”

பிரேமலா மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலை நனைத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். பெட்ரோல் நொடியில் பறந்தது. விரலில் மட்டும் வழவழப்பு நின்றது, இலேசான நீலத்தோடு.

“காடிக்கு ஊத்துறதுன்னா டூ-டி எண்ணெய் எதுக்குக் கலக்கணும்? இது சின்ன மெஷினுக்கு ஊத்துறது,” என்றாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினாறிலிருந்து இருபத்தேழு வரை செம்பனைத் தோட்டத்தில் உரம் வீசியவள். பிறகு செனாய் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பூதக்கண்ணாடியில் மின்னணுச் சில்லு பார்த்தவள். முதல் வேலையில் முதுகு போனது, இரண்டாவதில் கண். மூக்கு மட்டும் மிச்சம், அதை வைத்துத்தான் இந்தத் துப்பறியும் தொழில் என்பாள். “புல் வெட்டுற மெஷின் எண்ணெய் இது. கூடப் பூ. கீழ வெள்ளையா உரம். மனுஷன் தோட்டத்துச் சுடுகாட்டுல யாரோட கல்லறையோ சுத்தம் பண்ணப் போறாரு. உங்க அம்மா...”

“அம்மாவுக்குக் கல்லறை இல்ல. அம்மா நாலு வருஷத்துக்கு முன்ன, பார்டர் மூடியிருந்தப்ப, இந்தப் பக்கம் தனியா தவறிட்டாங்க. நாங்க அந்தப் பக்கம். எரிச்சாச்சு.”

“அப்ப அவரோட அப்பா அம்மாவா இருக்கும்.” பிரேமலா கையைத் துடைத்தாள். “நீங்க போலீஸ்ல ரிப்போர்ட் போடுங்க, ஆஸ்பத்திரிங்கள்ல கேளுங்க. அந்தப் பையை எங்கிட்டக் குடுங்க.”

லோஷினி பையைக் கொடுத்தபோது அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. பையின் குளிர்ச்சியாக இருக்கலாம்.

அதே வரிசையின் கடைசியில் புல்வெட்டி இயந்திரங்கள் பழுது பார்க்கும் சீனர் கடை ஒன்று பாதிக் கதவு திறந்திருந்தது. பிரேமலா அவரிடம் ஜெயபாலனின் படத்தைக் காட்டினாள். பார்த்ததேயில்லை என்று மலாயில் சொன்னார். கேனைக் காட்டினாள். அவர் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“எண்ணெய் ரொம்ப லேசா கலந்திருக்கு. இதை ஊத்திப் புல் வெட்டினா ஒரு மாசத்துல மெஷின் எங்கிட்ட வரும். எனக்கு நல்லதுதான். ஆனா வேற எதுக்கோ கலந்தது இது.”

வெளியே வந்ததும் ருக்னுதீன் காருக்குத் திரும்பி நடந்தார். போய் ரப்பர் பாயிலிருந்து அந்த வெள்ளைப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

“பாய், உரத்தைத் தின்னாதீங்க.”

“உப்பு.”

“பொட்டாஷ் உரமும் உப்புக் கரிக்கும். பதினோரு வருஷம் அதைத்தான் நான் சுவாசிச்சேன்.”

“நீங்க சுவாசிச்சது சரி. எங்க அத்தா காயல்பட்டினத்துல பிறந்தவரு. எங்க வீட்டுல உப்பு எதுன்னு சாப்பாட்டுலயே தெரியும்.” கயிற்றைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். “கயிறு விறைச்சிருக்கு பாருங்க. அந்த முனையில கிடக்கிற கொக்கியைப் பாருங்க, துருப் பிடிச்சுப் பொருக்காட்டம் உதிருது. பனங்காட்டுல இரும்பு இப்படித் துருப் பிடிக்காது பாஸ், இது கடல். உங்களுக்கு டூ-டி எண்ணெய்ன்னா புல்லுதான் ஞாபகம் வரும், ஏன்னா தோட்டத்துல வளர்ந்தீங்க. எங்காளுங்களைக் கேட்டா முதல்ல படகுன்னுதான் சொல்லுவாங்க.”

பிரேமலா துருப் பிடித்த கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்துக்குள் எல்லாவற்றையும் திணித்துவிட்டாள். அரை மணி நேரம் வீண். இன்சுலின் இல்லாத ஒரு மனிதனுக்கு அரை மணி நேரம் என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது.

“சரி. படகு,” என்றாள்.

“ஒத்துக்கிட்டீங்களே, இன்னிக்கு நாள்காட்டியில வட்டம் போடணும்.”

வண்டி கடலோரம், தஞ்சோங் கூப்பாங் மீன்பிடித் துறைப் பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் சதுப்புமரக் காடு, ஒரு பக்கம் புதிதாக முளைத்த அடுக்குமாடிகள், பாதிக்கு மேல் ஆளில்லாமல். சன்னல்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு. பிரேமலாவின் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்ட லோஷினியிடம் அதைச் சொல்லவில்லை.

“பாய். கேன் நிறைய இருக்கு. படகு டேங்க்ல இருக்கிறது போக, இது திரும்பி வர்றதுக்கான உபரி. கடலுக்குப் போறவரு அதைக் காடியிலயே விட்டுட்டுப் போயிருக்காரு.”

ருக்னுதீன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, “திரும்பி வர உத்தேசம் இல்லைன்னா உபரி எதுக்கு, அதானே பாஸ்?” என்றார்.

“அதான்.”

பொண்டாட்டி போய், வேலையும் போய், ஒரு மகளோடு ஒரு வீட்டில் இரண்டு அறையில் இரண்டு கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற ஆள். அந்த மாதிரி மனிதர்களைப் பிரேமலாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு கைப்பிடி அரிசி போட்டுப் பொங்கி அதையும் இரவுக்கு மிச்சம் வைக்கிறவர்கள். அதில் அவளும் ஒருத்தி. அதனால்தான் பயந்தாள்.

வண்டி இறங்குதுறைப் பாதையில் குலுங்கியபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பூ.”

“பூவுக்கு என்ன?”

“கேனை மட்டும் விட்டுட்டுப் போயிருந்தா நீங்க சொன்னது சரி. பூவையும்ல விட்டுட்டுப் போயிருக்காரு. சாகப் போற ஆளு எண்ணெயை விட்டுட்டுப் போவாரு, பூவை எடுத்துட்டுத்தானே போவாரு? ரெண்டையும் வச்சிட்டுப் போயிருக்காருன்னா வெள்ளிக்கிழமை அவரு கடலுக்கே போகல.”

இறங்குதுறை என்பது நான்கு பலகை, பத்துக் கழி. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் பாக் மூசா. படத்தைப் பார்த்ததும் சிரித்தார். பிரேமலா அவரோடு மலாயில் பேசினாள்.

ஜெயபாலன் இரண்டு வருடத்துக்கும் மேலாக வருகிறாராம். பாக் மூசாவின் சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போவாராம். பெட்ரோல் மட்டும் அவருடையது. மீனவர்களுக்கு அளந்து கிடைக்கிற எண்ணெயில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“உபரி எண்ணெய் எதுக்கு?”

“ஒரு தடவை நடுக்கடல்ல தீர்ந்துபோச்சு. நீரோட்டம் அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. எல்லைப் போலீஸ் படகு வந்து விளக்கடிச்சு விரட்டியிருக்காங்க. அவரு அந்த நாட்டு ஆளுதான், ஆனா பாஸ்போர்ட்ல இந்தப் பக்கம் இருக்கிறதா முத்திரை. தண்ணியில எங்க போய் முத்திரை குத்துறது? நான்தான் போய்க் கட்டி இழுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் கேன் இல்லாம கயிறு அவிழ்க்க மாட்டார்.”

“கடல்ல என்ன செய்வாரு?”

பாக் மூசா தூரத்துப் பாலத்தின் பக்கம் கையை நீட்டினார். “போன்ல ஒரு வீடியோ வச்சிருக்கார். மனைவியோட சாம்பலைக் கரைக்கிற வீடியோ. பின்னால பாலத்துத் தூண் தெரியும். அது எந்தத் தூணுன்னு தேடுவார். இங்க நிறுத்திப் பார்ப்பார், சரியா வராது. அங்க நிறுத்திப் பார்ப்பார். கடைசியில ஏதோ ஒரு இடத்துல பூவைப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருப்பார். இங்க நின்னா வாய் அசையறது தெரியும்.”

ருக்னுதீன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரேமலா அடுத்த கேள்வியைக் கேட்டாள். “வெள்ளிக்கிழமை?”

“படகு எடுக்கல. அவர் வந்த நேரம் வேற ஒரு குடும்பம் சாம்பல் கரைச்சிட்டுத் திரும்பியிருந்தது. அவங்களை ஒரு குண்டு மனுஷன் கூட்டிட்டு வந்திருந்தார், பானை ஏத்துற லோரியில. உங்க ஆளு அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டார், நன்றி சொல்ற மாதிரி. அப்புறம் தமிழ்ல பேசினாங்க, எனக்குப் புரியல. ஒருத்தர் அழுதார்.”

“ஜெயபாலனா?”

“இல்ல. அந்தக் குண்டு மனுஷன்தான் அழுதார். உங்க ஆளு மரம் மாதிரி நின்னார். அப்புறம் லோரி முன்னால போச்சு, காடி பின்னால போச்சு.”

“லோரியில ஏதாவது எழுதியிருந்துச்சா?”

“பூந்தொட்டி, மண்பானைன்னு படம். ஆயர் ஈத்தாம்னு ஊர் பேர்.”

வண்டிக்குள் ஏறியதும் பிரேமலா லோஷினியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிகளில் இல்லை என்றாள் லோஷினி. குரல் தேய்ந்திருந்தது.

“உங்க அம்மாவோட காரியத்தை இங்க யாரு பார்த்தது?”

“கமலநாதன்னு ஒருத்தர். பானை விக்கிறவரு, சுடுகாட்டு வேலையும் எடுத்துச் செய்வாரு. போன்ல பேசினதோட சரி, படத்துலதான் பார்த்திருக்கோம். ஏன் மேடம்?”

“அவரு அனுப்பின வீடியோ இருக்கா?”

“இருக்கு.”

“அனுப்பும்மா.”

“அது எதுக்கு மேடம்? அதுல ஒண்ணும் இல்ல.”

“அனுப்பு.”

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறி கூலாயைத் தாண்டிய பிறகுதான் வீடியோ வந்தது, கூடவே ‘2021 ஜூன், அம்மா தவறின மூணாம் நாள்’ என்று ஒரு வரி. நாற்பது விநாடி. ஒரு படகு. ஐந்து ஆண்கள் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மஞ்சள் துணி கட்டிய பானையை நீரில் சாய்க்கிறார். பின்னால் பாலத்துத் தூண். ஒருவர் எதற்கோ சிரித்துவிட்டு அடக்கிக்கொள்கிறார். பிரேமலா மூன்று தடவை ஓட்டினாள். நான்காவது தடவை ஓட்டாமல் நிறுத்தினாள்.

“பாய், ஓரம் கட்டுங்க. அந்தம்மா தவறினது எப்போ? 2021 ஜூன். அப்ப நாடு எப்படி இருந்துச்சு?”

“ஊரே அடைஞ்சு கிடந்துச்சு. எம்.சி.ஓ., கொரோனா ஊரடங்கு. கூலாய்லேருந்து கெலாங் பாத்தாவுக்குப் போக போலீஸ் கடிதம் வேணும். நானே என் கடையில ரெண்டு மாஸ்க் மாட்டிக்கிட்டுத்தான் பொட்டலம் கட்டினேன். என் சம்சாரம் என் மூஞ்சியையே மறந்துட்டா. அவ நிம்மதியா இருந்த ஒரே வருஷம் அதுதான்.”

அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். ருக்னுதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

“ஒருத்தன் மூஞ்சியிலகூட மாஸ்க் இல்லியே பாஸ்.”

“ம்.”

“அப்ப இது அந்த ஜூன் இல்ல. இது வேற யாரோட சாம்பலோ.”

“அந்தத் தூணைத் தேடித்தான் அந்த மனுஷன் ரெண்டு வருஷமா எண்ணெய் சுமந்துக்கிட்டு வந்திருக்காரு,” என்றாள் பிரேமலா.

அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாம் வரை ருக்னுதீன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேமலாவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கமலநாதனின் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பெரிய கடைகளைத் தாண்டி, தகரக் கூரை, முன்னால் அந்த லோரி, உள்ளே பலகைத் தட்டுகளில் கூரைவரை பானை. கமலநாதன் வாசலிலேயே நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

“போலீஸா?”

“அவரு பொண்ணு அனுப்பிச்ச ஆளு. எங்க அவரு?”

“உள்ள. வீட்டுக்குப் போங்கண்ணே, நானே கொண்டுபோய் விடறேன்னு கெஞ்சிப் பார்த்துட்டேன்மா. நகர மாட்டேங்கிறாரு. சாப்பிட மாட்டேங்கிறாரு. டீ மட்டும் குடிக்கிறாரு.”

“சீனி போட்டா?”

கமலநாதன் விழித்தார். பிரேமலா அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

கொட்டகையின் கடைசியில், கவிழ்த்து வைத்த பூந்தொட்டி ஒன்றின்மேல் ஜெயபாலன் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன, ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில், விலைக்கு வைத்த பானைகளுக்கு நடுவே, சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்னப் பானை. துணியில் பேனாவால் எழுதியிருந்தது: தேன்மொழி.

“அண்ணே, லோஷினி குடுத்தனுப்பிச்சது,” என்று பையைத் திறந்து நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். பிரேமலா இன்னொரு தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கமலநாதன் பின்னாலிருந்து பேசினார், யாரும் கேட்காமலே. “ரோட்டுல மறிச்சிட்டாங்கம்மா. படகு எடுக்க விடல. மூணு நாள்ல கரைச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு இவரு அந்தப் பக்கத்துலேருந்து அழுவுறாரு. பழைய வீடியோ ஒண்ணு இருந்துச்சு. மனசு ஆறட்டும்னு அனுப்பிட்டேன். ரோடு திறந்ததும் கரைச்சிரலாம்னு இருந்தேன். ரெண்டு தடவை லோரியில ஏத்தினேன். படகுத்துறை ஜெட்டி வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். அவங்க வீட்டு ஆளு ஒருத்தர்கூட இல்லாம நானே கரைச்சிட்டா அந்தப் பொய் கெட்டியாயிடும்னு ஒரு பயம். அப்படியே வருஷம் போச்சு. தினமும் விளக்கு வச்சேன். அதையாச்சும் செஞ்சேன்.”

“வெள்ளிக்கிழமை அவரு வந்து கையைப் பிடிச்சதும் சொல்லிட்டீங்க.”

“நல்லா செஞ்சீங்க தம்பி, நல்லா இருப்பீங்கன்னாரு. அதுக்கு மேல எப்படிம்மா?”

ஜெயபாலன் இப்போதுதான் வாய் திறந்தார். “டவுன் வரைக்கும் இவரு பின்னாலயே ஓட்டினேன். அப்புறம் ஓட்ட முடியல. காடியைப் போட்டுட்டு லோரியில ஏறிட்டேன்.” பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் அங்க, தண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. இவ இங்க இருந்திருக்கா.”

“போன் ஏன் பண்ணல? பொண்ணு செத்துச் செத்துப் பிழைக்குது.”

“என்னன்னு சொல்றது? வருஷா வருஷம் அவ அம்மா திதிக்கு அந்த வீடியோவை டிவியில போட்டு விழுந்து கும்பிடுறா. அது எவனோட சாம்பலோன்னு நான் எந்த வாயால சொல்றது?” பானையைக் கையால் காட்டினார். “இவளை விட்டுட்டும் வர முடியல. எடுத்துட்டும் வர முடியல. சாம்பலைப் பாலம் தாண்டிக் கொண்டு போகணும்னா நூறு அனுமதித் தாள் கேப்பான். ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு விட்டுட்டேன். மறுபடி எப்படி விட்டுட்டுப் போறது?”

பிரேமலாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தோட்டத்தில் யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் போனை எடுத்து லோஷினியின் எண்ணை அழுத்தி, சத்தமாக வைத்து, அவர் கையில் திணித்தாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

“மேடம்? மேடம், சொல்லுங்க.”

ஜெயபாலன் போனைப் பார்த்தார். “நான்தான்மா,” என்றார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம். அவர் காத்திருந்தார். “ஊசி போட்டுக்கிட்டேன். நல்லா இருக்கேன். அழுவாத. ஒரு விஷயம் சொல்லணும். அந்த வீடியோ...” பானையின் துணியைத் தொட்டார். “அம்மா கடல்ல இல்லம்மா. இங்க ஒரு கொட்டகையில இருக்கா. அந்த வீடியோ நம்ம அம்மாவோடது இல்ல.”

அழுகை நின்றது. வெளியே ஒரு லோரி கடந்து போனது. தட்டிலிருந்த பானைகள் அதிர்ந்து அடங்கின.

“தெரியும்ப்பா,” என்றாள் லோஷினி.

ருக்னுதீன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“யாரும் மாஸ்க் போடலை. வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். நீங்க அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடவே ஆரம்பிச்சீங்க. எப்படிச் சொல்றது? உங்களுக்காகத்தான் திதிக்கு டிவியில போட்டேன்.”

“நீ கும்பிடுறியேன்னுதான் நானும் கூட நின்னேன்.”

நான்கு வருடம், மூன்றறை வீடு, இரண்டு பேர். பிரேமலா மேலே கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலில் அவள் எத்தனையோ பொய்யைத் தோண்டி எடுத்திருக்கிறாள். சொன்னவரும் கேட்டவரும் ஒருவருக்காக ஒருவர் சுமந்த பொய்யை இதுவரை பார்த்ததில்லை.

“அப்பா, அங்கேயே இருங்க. நான் கிளம்பிட்டேன்.”

“மெதுவா வா. உனக்குத்தான் காடி ஓட்டத் தெரியாதே, லார்க்கின் பஸ் நிலையத்துல பஸ் ஏறு, டாக்சிக்காரன் கூடுதலாக் கேப்பான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றார்.

“இல்ல. நீங்க?”

“இல்ல.”

“அப்ப எனக்காக வச்சிருக்காதீங்க, நீங்க முதல்ல சாப்பிடுங்க.”

ஜெயபாலன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாக அந்தத் தொட்டியிலிருந்து எழுந்தார். ருக்னுதீன் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

“கமலநாதன்,” என்றார் ஜெயபாலன். “வீட்டுல சோறு இருக்கா?”